லாயத்தில் ஓய்வெடுக்கும் குதிரைக்குத் தீவனம்: கலோரி குறைவாக, வாய்க்குப் பிடித்ததாக

காலில் தசைநார்க் காயம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "லாயத்தை விட்டு வெளியே எடுக்காதீங்க, ஆறு வாரம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வண்டி கிளம்பிய அடுத்த நிமிஷம் சைஸ் (குதிரையைப் பராமரிக்கும் ஆள்) கேட்பார்: "சார், கொள்ளு எப்பவும்போல வைக்கட்டுமா?"

இந்தக் கேள்விக்குப் புதிதாகக் குதிரை வளர்ப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "பாவம், நோயாளி" என்று பழைய அளவையே தொடர்கிறார்கள். அல்லது குண்டாகிவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் பாதியாக்குகிறார்கள். முதலாவதில் குதிரை கொழுக்கும், சில சமயம் தசை இறுகி நிற்க முடியாமல் போகும். இரண்டாவதில் வயிறு கெடும். கலோரியைக் குறைப்பதும் உணவைக் குறைப்பதும் ஒன்றல்ல. மெல்லும் நேரம் குறையாமல் கலோரி மட்டும் குறைய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான். மாற்றிச் செய்தால் பாதி வேலை வீண்.

இது நல்ல உடம்போடு, அல்லது சற்றுக் கூடுதல் சதையோடு இருக்கும் வளர்ந்த குதிரைக்கானது. அந்தியூர் சந்தையில் பளபளப்பைப் பார்த்து வாங்கிய மார்வாரி இனக் குதிரைகளில் பல இந்த ரகம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று விலா எலும்பு தெரிய நிற்கும் குதிரைக்கும், சினையாக இருப்பதற்கும், பல் தேய்ந்த கிழட்டுக் குதிரைக்கும் கணக்கு வேறு.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

தையல்காரர் நாடா (200 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்), கொக்கி மாட்டிய தொங்கு தராசு, கண் சிறியதாக உள்ள புல் வலை இரண்டு மூன்று, புல் ஊறவைக்க ஒரு பெரிய தொட்டி, அளவுக் கோடு போட்ட தண்ணீர் வாளிகள், ஒரு நோட்டு.

தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். "ரெண்டு கட்டு புல்", "ஒரு படி கொள்ளு" என்ற கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் வைக்கும் லாயத்தில் அது இன்னும் மாறும்.

1. தானியத்தை அன்றைக்கே நிறுத்துங்கள்

மற்ற எல்லாத் தீவன மாற்றத்தையும் மெதுவாகச் செய்ய வேண்டும். இது ஒன்றுதான் விலக்கு. கொள்ளு, ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம், இனிப்புச் சேர்த்த மூட்டைத் தீவனம், வெல்லம், எண்ணெய் எல்லாவற்றையும் ஓய்வு தொடங்கிய நாளிலேயே நிறுத்துங்கள்.

வேலை செய்யும் குதிரையின் தசையில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். வேலை நின்ற பிறகும் தானியம் போய்க்கொண்டே இருந்தால், மறுபடி நடக்க வைக்கும்போது சில குதிரைகளுக்குத் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும். ஞாயிறு முழுக்க நின்று தின்றுவிட்டுத் திங்கள் காலை வண்டியில் பூட்டிய குதிரைகளுக்கு வந்ததால் இதற்குத் 'திங்கள்கிழமை நோய்' என்றே பெயர் உண்டு.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்ற பழமொழியை எல்லாரும் சொல்வார்கள். கடிவாளத்துக்கே வேலை இல்லாத காலத்தில் கொள்ளுக்கும் வேலை இல்லை. கொள்ளு வாளியின் சத்தம் கேட்டுப் பழகிய குதிரை முதல் சில நாள் கதவைக் காலால் தட்டும். பக்கத்து லாயத்துக் குதிரைக்குக் கொள்ளு வைக்கும் அதே நேரத்தில் இதற்கும் வாளி வைத்துவிடுங்கள். அந்த வாளியில் என்ன இருக்கும் என்பது 8-ஆம் படியில்.

2. எடையைக் கண்டுபிடியுங்கள்

அடுத்து வரும் எல்லா அளவும் எடையிலிருந்துதான் வருகிறது. முன்னங்காலுக்குப் பின்னால், சேணப் பட்டை விழும் இடத்தில் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில்.

சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 = எடை, கிலோவில்.

சுற்றளவு 175, நீளம் 155 என்றால் ஏறக்குறைய 400 கிலோ. இனி இந்தக் குதிரையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

எடையைவிட முக்கியமானது சதை எங்கே இருக்கிறது என்பது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலை வைத்தால் தட்டுப்பட வேண்டும். குதிரையின் சதையை மதிப்பிட 1983-இல் டெக்சாஸில் ஹென்னிக் என்ற ஆராய்ச்சியாளர் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோலில் 5 என்பது அதுதான். பிடரியின் அடியில் கைக்குக் கெட்டியாக ஒரு மேடு பிடிபட்டால், டாக்டரிடம் இன்சுலின் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள். அந்த மாதிரிக் குதிரைக்குக் குளம்பழற்சி வரும் வாய்ப்பு அதிகம். ஒரு காலில் காயம், இன்னொரு கால் சுமையைத் தாங்குகிறது என்ற நிலையில் குளம்பும் போனால் மீட்பது கடினம்.

3. ஒரு நாளைக்கு எவ்வளவு புல்

உடல் எடையில் 1.5 சதவீதம், ஈரம் நீக்கிய கணக்கில். 400 கிலோ குதிரைக்கு 6 கிலோ. காய்ந்த புல்லிலும் பத்து, பதினைந்து சதவீதம் ஈரம் இருப்பதால் தராசில் 7 கிலோ.

லாயத்தில் நிற்கும் 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 12 முதல் 13 மெகாகலோரி போதும். சாதாரணக் காய்ந்த புல் கிலோவுக்குச் சுமார் 1.8 மெகாகலோரி தரும். 7 கிலோவுக்கு 12.6. கணக்கு புல்லிலேயே முடிந்துவிட்டது. இதற்கு மேல் 2 கிலோ கொள்ளு வைத்தால் அது கிட்டத்தட்ட இன்னொரு அரை நாள் சாப்பாடு.

1.5 சதவீதத்துக்குக் கீழே நீங்களாக இறங்காதீர்கள். குதிரையின் இரைப்பையில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும்; மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அதற்கு மாற்று. வயிறு காலியாக இருந்தால் புண் வரும், மரத்தைக் கடிக்கும், தன் லத்தியையே தின்னும். மட்டக்குதிரையையும் கழுதையையும் பட்டினி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. மெலிய வைக்க வேண்டியிருந்தாலும் புல்லின் ரகத்தை மாற்றுங்கள், அளவில் கை வைக்காதீர்கள்.

4. எந்தப் புல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

நல்ல தேர்வு, சற்று முற்றிய, தண்டு தெரியும் காய்ந்த புல். புல் முற்ற முற்ற நார் கூடும், கலோரி குறையும், மெல்ல நேரம் ஆகும். பச்சைப் பசேலென்று இலையாக இருக்கும் விலை உயர்ந்த கட்டு, ஓய்வில் நிற்கும் குதிரைக்கு வேண்டாம். கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் ரொம்ப முற்றியது, குதிரை ஒதுக்கும். வளைந்து கொடுத்து, கையை விட்டதும் மெல்ல விரிந்தால் சரி. உதறினால் புகைபோலத் தூசி கிளம்பினாலோ, பூஞ்சை வாடை அடித்தாலோ, நடுவில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். நாள் முழுக்க அதே லாயக் காற்றைச் சுவாசிக்கப் போகிற குதிரை அது.

*ரோட்ஸ் புல், அருகம்புல்:* இரண்டும் நம் பக்கத்துக்கு ஏற்ற அடிப்படை. சர்க்கரை பொதுவாக மிதமாக இருக்கும், குதிரை விரும்பித் தின்னும். அருகம்புல்லை வேரோடு பிடுங்கியிருந்தால் மண்ணை நன்றாக உதறுங்கள். மணல் குடலில் தங்கினாலும் வயிற்றுவலி வரும்.

*கம்பு நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல்:* மாட்டுக்கு அருமையான தீவனம். கோ-4, கோ-5 நேப்பியர் எல்லாத் தோட்டத்திலும் கிடைக்கிறது என்பதால் குதிரைக்கும் அதையே மாதக்கணக்கில் போடுகிறார்கள். இந்தப் புற்களில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், குதிரைக்குச் சேராது. எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையத் தொடங்கும். தாடை வீங்கும், கால் மாறி மாறி நொண்டும். ஏற்கனவே நொண்டும் குதிரையில் இது காயத்தின் நொண்டலா, தீவனத்தின் நொண்டலா என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். வேறு வழியில்லாமல் கொஞ்சம் கலந்தால் குதிரை மசாலையும் (லூசர்ன்) சேருங்கள்.

*குதிரை மசால்:* பெயரிலேயே குதிரை இருப்பதால் அள்ளிப் போடலாம் என்று அர்த்தமில்லை. கலோரியும் புரதமும் சாதாரணப் புல்லைவிடக் கூடுதல். ஆனால் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, வயிற்று அமிலத்தையும் தணிக்கும், வாசனைக்கே குதிரை ஓடி வரும். எனவே காய்ந்த மசால் அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை. 7 கிலோவுக்கு *மேல்* அல்ல, 7 கிலோவுக்குள். அந்த அளவுக்கு மற்றப் புல்லைக் குறைத்துவிடுங்கள்.

*வைக்கோல்:* கலோரியைக் குறைக்க எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தனியாக வைக்கோலை மட்டும் போட்டால் குடலில் அடைப்பு வரும், புரதமும் போதாது. மொத்தத்தில் கால் பங்கு வரை, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாகக் கூட்டி, பல் நன்றாக இருக்கும் குதிரைக்கு மட்டும். படுக்கைக்கு வைக்கோல் விரித்திருந்தால் பசித்த குதிரை அதைத் தின்னும். உங்கள் கணக்கு தப்பும். படுக்கையை மரச்சீவலுக்கு மாற்றிவிடுங்கள்.

*சோளத்தட்டை:* பச்சையாக வேண்டவே வேண்டாம். குதிரைக்கு அதனால் சிறுநீர்ப்பைக் கோளாறும் பின்னங்கால் தள்ளாட்டமும் வரும்.

புல் ரகத்தை மாற்றும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பழக நேரம் வேண்டும். காயம் படும் வரை வெளியே மேய்ந்த குதிரை என்றால் முதல் வாரம் கொஞ்சம் பச்சைப் புல் வெட்டிப் போட்டுக்கொண்டே காய்ந்ததற்கு மாற்றுங்கள். நாலைந்து கிலோ பச்சைப் புல், 1 கிலோ காய்ந்த புல்லுக்குச் சமம். வெட்டிய புல்லைக் குவியலாக வைக்காதீர்கள், உள்ளே சூடேறிப் புளித்துவிடும்.

ஒரே இடத்தில் மொத்தமாகப் புல் வாங்குகிறவர்கள் ஒருமுறை ஆய்வுக்கு அனுப்பிப் பார்க்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு.

5. ஊறவைத்தல்

குதிரை குண்டு, அல்லது குளம்பழற்சி பயம் இருக்கிறது என்றால் மட்டும் இந்தப் படி. தண்ணீரில் ஊறும்போது புல்லில் உள்ள சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போகும். எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் மாறும்.

குளிர் நாடுகளில் இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள். நம் வெயிலில் அப்படிச் செய்தால் தொட்டி நுரைத்து நாறும், பாக்டீரியா பெருகிவிடும். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருப்பதால் சர்க்கரை வேகமாகக் கரையும். நிழலில் ஒரு மணி நேரம் போதும். பிறகு வடித்து, புதுத் தண்ணீரில் ஒருமுறை அலசி, சில மணி நேரத்துக்குள் தின்னக் கொடுங்கள். மிச்சத்தை வலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எடை போடுவது ஊறவைப்பதற்கு முன்னால். ஈரப் புல்லை நிறுத்து 7 கிலோ போட்டால் குதிரை பாதிப் பட்டினி. ஊறும்போது கொஞ்சம் சத்தும் கரைவதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள். அந்தத் தேநீர் நிறத் தண்ணீரைக் குதிரை குடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள், கரைந்த சர்க்கரை முழுக்க அதில்தான் இருக்கிறது.

6. தின்னும் நேரத்தை நீட்டுங்கள்

7 கிலோவைத் தரையில் கொட்டினால் மதியத்துக்குள் காலி. அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை வெறும் சுவர்.

சிறு கண் வலையில் போட்டால் ஒவ்வொரு இழையாக இழுக்க வேண்டும். மூன்று சென்டிமீட்டர் கண் போதும். வேகமாகத் தின்னும் குதிரைக்கு இரண்டு வலையை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடுங்கள். முதல் நாளே இரட்டை வலை போட்டால் சில குதிரைகள் எரிச்சலில் விட்டுவிடும். ஒற்றை வலையில் பழக்கி, பிறகு இரட்டை.

நான் சொல்லும் பங்கீடு: காலை 6 மணிக்கு 1.5 கிலோ, 11-க்கு 1, மாலை 4-க்கு 1.5, இரவு 9-க்கு 3 கிலோ இரட்டை வலையில். இரவுதான் நீளமான இடைவெளி; பெரும்பாலான லாயங்களில் அப்போதுதான் குறைவாக வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து மணிக்கு மேல் வாய் சும்மா இருக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும், நேரத்தை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வலையை எங்கே மாட்டுவது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். குதிரை எந்தக் காலில் சாய்ந்து நின்று தின்னும் என்பது மாட்டும் இடத்தைப் பொறுத்தது. காலி வலை தொங்கினாலும் குளம்பு சிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். லாடம் அடித்த குதிரைக்கு இது இன்னும் முக்கியம்.

7. புல்லில் இல்லாததைச் சேருங்கள்

புல் மட்டும் தின்னும் குதிரைக்குக் கலோரி போதும், தாதுக்கள் போதாது. காயம் ஆறவும் அவை வேண்டும்.

குதிரைக்கென்று தயாரித்த வைட்டமின், தாதுக் கலவையைப் பையில் போட்ட அளவுப்படி கொடுங்கள். புல் காயும்போது வைட்டமின் ஈ பெரும்பாலும் போய்விடுவதால் அது கலவையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண உப்பு நாளைக்கு 20 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். புல் ரொம்ப முற்றியதாக இருந்தால் சோயாப் புண்ணாக்கு 200 கிராம். அதன் புரதம் தசை கரையாமல் காக்கும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு வரும் என்பதால் நான் தொடுவதில்லை.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பார்கள். மாடும் கோழியும் தாங்கும் அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். ஒரே கொட்டகையில் மாடும் குதிரையும் இருந்தால் மூட்டைகளைத் தனித்தனி அறையில் வையுங்கள், அள்ளும் குவளையைக்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

8. ருசி: கடைசியில்தான்

புதியவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள்: வெல்லம், வாழைப்பழம், கேரட் என்று. குதிரை தின்ன மறுத்தால் முதலில் காரணம் பாருங்கள். தரையில் மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தால் பல் பிரச்சினை. தின்ன ஆரம்பித்து இரண்டு வாயில் நிறுத்தினால், அதுவும் வலி மருந்து ஓடும்போது, வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். அதற்கு டாக்டர் வேண்டும், வெல்லம் உதவாது.

காரணம் வெறும் சலிப்பு என்றால், முதல் வழி புல்லையே பலவிதமாக்குவது. ஒரு வலையில் ரோட்ஸ், எதிர்ச் சுவரில் அருகம்புல், மூலையில் ஒரு பிடி மசால். குதிரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போகும். மொத்தம் அதே 7 கிலோதான்.

இரண்டாவது, வாசனை. 2005-இல் பிரிட்டனில் லாயக் குதிரைகளுக்குப் பல வாசனைகளை வைத்துப் பார்த்தார்கள். முதலிடம் வெந்தயத்துக்கு, அடுத்தது வாழைப்பழம். சீரகமும் பட்டியலில் இருந்தது. நம் அஞ்சறைப்பெட்டி போதும் என்று அர்த்தம். ஒரு தேக்கரண்டி வெந்தயப் பொடியை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, இரண்டு பிடி நறுக்கிய புல்லில் தெளியுங்கள். மேலே தாதுக் கலவை, உப்பு, ஐந்தாறு புதினா இலை. கொள்ளு நேரத்து வாளிக்கு இதுதான். புல்லை ரொம்பப் பொடியாக நறுக்காதீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மெல்லாமல் விழுங்கும்.

கேரட்டில் பெரும்பகுதி தண்ணீர், நாளைக்கு ஒன்றிரண்டால் ஒன்றும் ஆகாது. வட்ட வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்குங்கள், வட்டத் துண்டு தொண்டையில் அடைக்கும். வெள்ளரிக்காய், தர்பூசணித் தோல் நல்லது. பழுத்த வாழைப்பழம் வேண்டாம், தோல் ஒரு துண்டு போதும். முட்டைக்கோஸ், வெங்காயம், வெண்ணெய்ப்பழம் கூடவே கூடாது.

பார்க்க வருகிறவர்கள் கையில் பொங்கலும் வெல்லமும் இருக்கும். கோயில் மாலையும் இருக்கும். அந்த மாலையில் அரளி இருந்தால் சில இலைகளே குதிரையைக் கொல்லும். கதவில் பலகை மாட்டுங்கள்: "எதுவும் கொடுக்காதீர்கள்."

கோதுமைத் தவிடு பற்றி எப்போதும் கேட்பார்கள். வாரத்தில் ஒரு நாள் வாளி நிறையத் தவிட்டுக் கஞ்சி வைப்பது பழைய வழக்கம். திடீர் மாற்றம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. தவிட்டில் சுண்ணாம்பைவிடப் பாஸ்பரஸ் ஏறக்குறைய பத்து மடங்கு. மருந்து மறைக்க மட்டும் ஒரு பிடி. கசப்பான வலி மாத்திரையைப் பொடித்து, ஈரத் தவிட்டில் புதினாவோடு பிசைந்து, முழு வாளியில் கலக்காமல் தனியாக முதலில் கொடுங்கள். முழு வாளியில் கலந்தால் குதிரை வாளியையே சந்தேகப்படும்.

9. தினமும் நோட்டில் எழுத வேண்டியது

லத்தி எத்தனை முறை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு இயல்பு. உருண்டை சிறிதாகி, காய்ந்து, மேலே சளிபோலப் படலம் இருந்தால் குடல் மந்தமாகிறது. நடமாட்டம் நின்றதும் பச்சைப் புல்லிலிருந்து காய்ந்ததற்கு மாறியதும் சேர்ந்து அடைப்பு வரும் காலம் முதல் இரண்டு வாரம். எண்ணிக்கை சட்டென்று பாதியானால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள்.

தண்ணீர். காய்ந்த புல் தின்னும் 400 கிலோ குதிரைக்குக் குறைந்தது 20 முதல் 25 லிட்டர், வெயில் காலத்தில் 40 வரை போகும். தானியங்கித் தொட்டியில் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. அதனால்தான் கோடு போட்ட வாளி. குடிப்பது குறைந்தால் புல்லை நனைத்துப் போடுங்கள், வாளியைக் கழுவுங்கள்.

குளம்பு. தினமும் கையை வைத்துச் சூடு பாருங்கள், காயம் படாத காலிலும். சூடும் துடிப்பும் சேர்ந்தால் உடனே டாக்டர்.

வாரம் ஒருமுறை நாடா, அதே ஆள், அதே நேரம். மூன்று வாரமாகச் சுற்றளவு ஏறிக்கொண்டே போனால் மசாலைக் குறைத்து, முற்றிய புல்லுக்கு மாறி, வைக்கோல் பங்கைச் சற்றுக் கூட்டுங்கள். அந்த வரிசையில், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

10. திரும்ப வேலைக்கு

கையில் பிடித்து நடக்க வைக்கத் தொடங்கியதும் சைஸ் மறுபடி கொள்ளு மூட்டையைப் பார்ப்பார். பத்து நிமிஷ நடைக்குக் கூடுதல் தீவனம் எதுவும் தேவையில்லை. ஏறி ஓட்டி, துள்ளோட்டம் வரை வந்த பிறகும் நாடாவில் எடை இறங்கினால் மட்டும் தானியத்தைத் தொடங்குங்கள்: நாளைக்குக் கால் கிலோவில் ஆரம்பித்து, ஒவ்வொரு கூட்டலுக்கும் நாலைந்து நாள் இடைவெளி. வேலை முதலில் கூடட்டும், தீவனம் பின்னால் வரட்டும். வேலை இல்லாத ஓய்வு நாளில் அந்தக் கால் கிலோவும் வேண்டாம். வெந்தயத் தண்ணீர் தெளித்த புல் வாளியையே வையுங்கள்.